எம்மெட் பாடக் கூடாத வீடு

சியாட்டிலில் அந்த வருஷங்களில் கிடார் வாசிக்கத் தெரியாத ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். தபால் கொண்டு வருகிறவன் வாசிப்பான், பீட்சா கொண்டு வருகிறவன் வாசிப்பான், பேங்க் கவுண்டருக்குப் பின்னால் டை கட்டி உட்கார்ந்திருக்கிறவனும் சாயங்காலமானால் கிழிந்த கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசிப்பான். அப்படிப்பட்ட ஊரில் ஓரின் ஹால்விக்குக்கு வாய்த்தது பேஸ் கிடார், நாலு தடித்த கம்பி வைத்து அடிநாதம் மட்டும் போடுகிறது. ஆசைப்பட்டு எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பையன்கள் குழு சேர்த்தபோது மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, இதற்குத்தான் இல்லை. மிச்சம் கிடப்பதை எடுத்துக்கொள்வது அவன் பிறவிக் குணம். வீட்டிலும் கோழியில் கழுத்துத் துண்டைத்தான் எடுப்பான்.

பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், பிரெமர்டனில். அப்பா கப்பல் பட்டறையில் போர்க்கப்பல்களுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தே ஆயுசைக் கழித்தவர். ஓரின் ஒரு பை துணியும் பேஸ் கிடாருமாகப் படகேறி இந்தக் கரைக்கு வந்தான். அவன் குழு கொஞ்ச காலம் பீர் நாற்றமடிக்கும் கிளப்புகளில் வாசித்தது. அப்புறம் பாடகன் ஒரு பெண்ணின் பின்னால் கலிபோர்னியாவுக்குப் போனான், குழு கலைந்தது. ஊரே ரிக்கார்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஓரின் தரைக்கம்பளம் போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டல், ஆஸ்பத்திரி, சர்ச் எல்லா இடத்திலும் மண்டிபோட்டு, முழங்காலால் இடித்து இடித்துக் கம்பளத்தைச் சுவரோரம் இழுத்து மாட்டுகிற வேலை. முப்பது வயதிலேயே மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் அந்த வேலையால் ஒரு லாபம் இருந்தது. பாலார்ட் பக்கம் அவன் வாடகைக்கு இருந்த பழைய வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை. வேலை முடிந்து மிஞ்சிய துண்டுக் கம்பளங்களை எல்லாம் கொண்டுவந்து அதன் சுவரிலும் கூரையிலும் ஆணி அடித்துவிட்டான். ஓட்டல் சிவப்பு, பல் டாக்டர் பச்சை, சர்ச் நீலம். பார்த்தால் கண் கூசும். ஆனால் உள்ளே இடியே விழுந்தாலும் அடுத்த வீட்டு நாய்கூடத் தலை தூக்காது. அதனால்தான் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஓரினுக்காக வரவில்லை, அது அவனுக்கும் தெரியும்.

அந்த ஊர்ப் பாட்டுக்காரர்களுக்கு ஒரு குழு போதாது. சொந்தக் குழு ஒன்று இருக்கும், அதற்கு மேல் பக்கத்தில் ஒன்று. இந்தக் குழுவின் டிரம்மர், அந்தக் குழுவின் பாடகன், எங்கேயோ கலைந்துபோன குழுவின் பேஸ்காரன் என்று யாராவது ஒரு நிலவறையில் கூடி, வாய்க்கு வந்த பெயரை வைத்துக்கொண்டு, நாலு பாட்டு போடுவார்கள். சொந்தக் குழு என்றால் ரிக்கார்டு கம்பெனி, கான்ட்ராக்ட், சண்டை, வயிற்றெரிச்சல். பக்கக் குழு என்றால் சீட்டாட்டம் மாதிரி. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

ஓரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடியது மூன்று பேர். மார்னி பெக் என்றொருத்தி, பெண்கள் மட்டுமே இருந்த ஒரு குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவள், வாய் நீளம், அடிக்கிற கை அதைவிட வேகம். இன்னொருவன் எம்மெட் காலோவே. அவன் பாடுகிற குழுவின் போஸ்டர் பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒட்டியிருந்தது. அவன் வாயைத் திறந்தால் கூட்டத்தில் பாதிப்பேர் அழுவார்கள், மீதிப்பேர் அடித்துக்கொள்வார்கள். மூன்றாவது ஆள் ஓரின். மற்ற இருவருக்கும் அது பக்கக் குழு. அவனுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

முதல் நாளே மார்னி சட்டம் போட்டாள்.

"இந்தா பாருங்கடா, இங்க எவனும் அவனவன் வாத்தியத்தைத் தொடக் கூடாது. டிரம்ஸ் எனக்கு அலுத்துப்போச்சு, நான் பேஸ் எடுக்கிறேன். ஓரின், நீ கிடாரை எடு, பாடு."

"எனக்குப் பாடவா வரும்? என்னடி விளையாடுறியா?"

"வராதுல்ல? அப்ப சரியான ஆளுதான்."

எம்மெட் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சியை எடுத்தான். கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்தான்.

"நான் பாட வேண்டாம்ல?" என்று கேட்டான்.

"நீ இங்க பாடினா வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்" என்றாள் மார்னி.

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதைப் பார்க்க வேண்டும். போஸ்டரில் ஒன்றிலும் அந்தச் சிரிப்பு கிடையாது. "என் குரலைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சு. கான்ட்ராக்ட்ல கையைப் பத்தி ஒண்ணும் இல்லை. கை என்னோடதுதான்" என்றான்.

எம்மெட் டிரம்ஸ் அடித்த லட்சணம் இருக்கிறதே, ஐயோ. அலமாரியிலிருந்து பாத்திரம் உருளுகிற மாதிரி அடிப்பான். மார்னி காதைப் பொத்திக்கொண்டு, "டேய், உனக்கு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லித்தராமலா பள்ளிக்கூடத்துல பாஸ் போட்டாங்க?" என்பாள். அவன் சளைக்கமாட்டான். மறுபடி ஆரம்பிப்பான். ஓரின் மேலே போய் உருளைக்கிழங்கும் முட்டையும் பொரித்துக் கொண்டுவருவான். மூன்று பேரும் ஒரே தட்டில் தின்றுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

எம்மெட் போதை ஊசி போடுகிறவன் என்பது ஊரறிந்த விஷயம். வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் தெளிவாக இருந்தான். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே ஓரினிடம் அவனே சொன்னான்: "முந்தின நாள் போட்டா கை குச்சியில நிக்க மாட்டேங்குதுடா. அதனால சனிக்கிழமை போடுறதில்லை. இப்ப வெள்ளியும் விட்டுப் பார்க்கிறேன்." இவ்வளவுதான் சொன்னான். அந்த மனுஷனின் குழு, மேனேஜர், டாக்டர் எல்லாரும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு ஓட்டை டிரம்ஸ் செய்துகொண்டிருந்தது. மார்னியிடம் சொன்னான். அவள் வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல், "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை நிக்கவே கூடாது" என்றாள்.

மழைக்காலம் முழுக்க நிற்கவில்லை. ஓரினிடம் இருந்தது கேசட்டில் பதிகிற ஒரு சின்ன மெஷின். ஒரே நாடாவில் நாலு தடம். ஒன்றில் டிரம்ஸ், அடுத்ததில் பேஸ், மூன்றாவதில் கிடார், நாலாவதில் குரல். ஒவ்வொருவராகத் தனித்தனியே பதியலாம். ஒரு தடத்தில் புதிதாகப் பதிந்தால் பழையது போச்சு, பிரம்மா வந்தாலும் திரும்பாது. ஓரின் எழுதிய பாட்டு ஒன்று, 'காயாத சட்டை' என்று பெயர். அந்த ஊர் மழையில் சட்டை எங்கே காய்கிறது? எம்மெட் அதற்கு டிரம்ஸ் அடித்துப் பார்த்துப் பார்த்து, எத்தனையோ ஞாயிறு சொதப்பி, கடைசியில் ஒருநாள் தலையிலிருந்து கால்வரை ஒரு தப்பும் இல்லாமல் அடித்துவிட்டான். குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழந்தை மாதிரிக் குதித்தான். மாடிக்கு ஓடி, ஓரினின் சமையலறைப் போனில் யாக்கிமாவில் இருக்கிற தன் அக்கா லோரெய்னைக் கூப்பிட்டான். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான். ஆப்பிள் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை.

"அக்கா! ஒரு இடத்துலகூடத் தப்பலை! டிரம்ஸ்! ஆமா, நானேதான்! பாட்டா? பாட்டை விடு, அதை எவன் கேட்டான்? நீ இங்க வரும்போது போட்டுக் காட்டுறேன், இரு."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தவுடன், கோட்டைக் கழற்றும் முன்பே, "அதை ஒருதடவை போடு" என்பான். முதல் தடத்தை மட்டும் வைக்கச் சொல்வான். வெறும் டிரம்ஸ். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

இதற்குள் அந்த ஊர்ப் பாட்டுக்கு வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் கிரஞ்ச் என்று ஒரு பெயர் வைத்து, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கம்பெனிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். நிலவறை நிலவறையாக எட்டிப் பார்த்தார்கள். அதில் ஸ்டான்டன் என்று ஒருத்தன் ஓரினைக் காப்பிக்கடையில் பிடித்தான். பேச்சென்றால் பேச்சு, வெண்ணெய் தடவிய பேச்சு.

"உங்க பக்கக் குழுவைப் பத்திக் கேள்விப்பட்டேன். எம்மெட் காலோவே இருக்காராமே?"

"இருக்கான். டிரம்ஸ் அடிக்கிறான்."

ஸ்டான்டன் சிரித்தான். ஓரின் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். "ஒரே ஒரு பாட்டுல அவர் குரல் இருக்கட்டும். அவர் கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன். முழு ரிக்கார்டே போடலாம்."

"பாடுறது நான்தான்."

"நீங்களும் இருங்களேன்! யார் வேண்டாம்னா? ரெண்டு குரலும் சேர்ந்து வரட்டும்."

ஓரின் வீட்டுக்கு வந்து நிலவறையில் தனியாக உட்கார்ந்து தன் குரலைப் போட்டுக் கேட்டான். மோசமில்லை. உண்மையிலேயே மோசமில்லை. கரகரப்பாக, வெட்கப்பட்ட மாதிரி ஒரு குரல். வாழ்நாளில் முதல் தடவையாக, மிச்சம் கிடந்ததை எடுக்காமல் தட்டில் இருந்த நல்ல துண்டை எடுக்க அவனுக்கு ஆசை வந்தது. அந்த ஆசையை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ரிக்கார்டு கடையில் தன் குரலுள்ள ஒரு வட்டைத் திருப்பிப் பார்க்க அந்த ஊரில் ஆசைப்படாதவன் எவன்?

மார்னியிடம் சொன்னபோது அவள் குதித்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவனைப் பாடச் சொல்லாதடா. பாடச் சொல்லாத ஒரே வீடு இதுதான். நீ சொல்லிட்டன்னு வை, அப்புறம் அவன் வரமாட்டான். வராட்டி சனிக்கிழமை என்ன செய்வான்னு உனக்கே தெரியும்."

"ஒரே ஒரு பாட்டு மார்னி."

"ஒரு பாட்டோ ஒரு வரியோ, சட்டம் சட்டம்தான்."

"உனக்கென்ன, உனக்கு ரிக்கார்டு இருக்கு" என்றான் ஓரின். அது உண்மைதான்.

அடுத்த ஞாயிறு எம்மெட் வந்து கோட்டைக் கழற்றினான். "அதை ஒருதடவை போடு" என்று சொல்லும் முன்பே ஓரின் கேட்டுவிட்டான். இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினான். ஸ்டான்டன் பெயர், ரிக்கார்டு, ஒரே பாட்டு, எல்லாம். எம்மெட் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"நீயுமாடா?" என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால்கூடத் தேவலை.

"வேண்டாம்னா விடு."

"இல்லை இல்லை. உனக்காகச் செய்யாம யாருக்காகச் செய்யப்போறேன்? மைக்கை வை."

மார்னி பேஸைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஓரின் மெஷின் முன்னால் மண்டியிட்டான். நாலு தடமும் நிரம்பியிருந்தது. எம்மெட் குரலுக்கு ஒரு தடம் வேண்டும், அப்படியென்றால் ஒன்று அழிய வேண்டும். நியாயப்படி அழிய வேண்டியது நாலாவது, ஓரினின் குரல். விரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் இரண்டு குரலும் வேண்டுமே! அவன் குரல் இல்லாமல் இதெல்லாம் எதற்கு? டிரம்ஸ்தானே, அதை அப்புறம் எவனை வைத்தும் அடித்துக்கொள்ளலாம், கம்பெனிக்காரனே நல்ல ஆளாகக் கூட்டி வருவான் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. விரல் நகர்ந்து முதல் தடத்துக்குப் போனது. நாடா ஓட ஆரம்பித்த பிறகும் ஓரிரு வினாடி தயங்கி, பிறகு பதிகிற பொத்தானை அழுத்தினான். எம்மெட்டிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரிந்தே கேட்கவில்லை.

எம்மெட் பாடினான். என்னத்தைச் சொல்ல! ஓரின் எழுதிய அதே வார்த்தைகள்தான், அவன் வாயில் வந்தபோது யாரோ செத்த வீட்டில் கேட்கிற மாதிரி இருந்தது. அந்தக் கம்பளச் சுவருக்குள் அப்படி ஒரு குரல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, இப்ப என் டிரம்ஸோட சேர்த்துப் போடு. எப்படி இருக்குன்னு கேப்போம்."

ஓரின் தரையைப் பார்த்தான்.

"போடுடா."

"டிரம்ஸ் மேலதான் பாடியிருக்க எம்மெட். இடம் இல்லை."

படிக்கட்டிலிருந்து மார்னி, "அடப்பாவி" என்றாள். எம்மெட் மெஷினைப் பார்த்தான், நாலாவது தடத்தில் ஓரினின் பெயர் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிரித்தான். போஸ்டரில் இருக்கிற சிரிப்பு.

"பரவால்லை விடு. அதை என்ன பெரிசா வாசிச்சுக் கிழிச்சேன்" என்றான். உருளைக்கிழங்கு சாப்பிட உட்கார்ந்தான், இரண்டு துண்டு தின்றான். கிளம்பும்போது, எப்போதும் அங்கேயே காப்பி டப்பாவில் போட்டுவிட்டுப் போகிற டிரம்ஸ் குச்சிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மார்னியும் ஓரினும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், தட்டில் கிழங்கு ஆறிப்போனது. எம்மெட்டின் குழு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மேடையில் நிற்க முடியாமல் மைக்கைப் பிடித்துத் தொங்குகிறான் என்று சொன்னார்கள். ஓரின் அவன் மேனேஜருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தான். கம்பளம் போடுகிறவன் பேசுகிறேன் என்றால் யார் எடுப்பார்கள்? வசந்தம் வந்த சமயம், டென்வரில் ஒரு மோட்டல் அறையில் எம்மெட் செத்துக் கிடந்தான். அன்று சனிக்கிழமை.

சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த மார்னி நிலவறையிலிருந்து தன் பொருட்களை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அவனை நீ கொன்னேன்னு சொல்லமாட்டேன் ஓரின். ஊசிதான் கொன்னுச்சு. ஆனா ஞாயித்துக்கிழமைய நீதான் கொன்ன" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஸ்டான்டன் வந்து டேப்பை வாங்கிப் போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். செத்தவன் குரலுக்கு இருக்கிற கிராக்கி உயிரோடிருக்கிறவனுக்கு ஏது? ரிக்கார்டு வெளிவந்தது. ஓரின் வேலைக்கு நடுவே, முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடினான். அங்கேயே ஹெட்போனில் கேட்டான். எம்மெட்டின் குரல். கூலிக்கு வந்த ஒருத்தனின் சுத்தமான டிரம்ஸ். ஓரினின் குரல் இல்லை. அதை எடுத்துவிட்டிருந்தார்கள். போனில் கேட்டதற்கு ஸ்டான்டன், "இடைஞ்சலா இருந்துச்சு, நீங்களே கேட்டா ஒத்துக்குவீங்க" என்றான். ஓரின் கேட்டான், ஒத்துக்கொண்டான். எதைக் காப்பாற்ற டிரம்ஸை அழித்தானோ அதுவும் போய்ச் சேர்ந்தது. கடையிலிருந்து திரும்பிப் போய், யாரோ வக்கீல் ஆபீசில் பாதியில் விட்ட கம்பளத்தை மண்டியிட்டு முடித்துக் கொடுத்தான். அங்கே பெயின்ட் அடிக்கிறவனின் ரேடியோவில் அதே பாட்டு ஓடியது.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம். வாசலில் ஒரு அம்மாள், கையில் ஒரு பை ஆப்பிள். கண் அப்படியே எம்மெட்டின் கண், பார்த்ததுமே ஓரினுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் லோரெய்ன். எம்மெட்டோட அக்கா. நீங்கதானே ஓரின்? உங்க வீட்டுக் கிழங்கைப் பத்தி நிறையச் சொல்லுவான்."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். "அவன் பாட்டை என்னால கேக்க முடியலைங்க. கடைக்குப் போனா அவன் பாடுறான், பஸ்ல ஏறினா அவன் பாடுறான். எழுந்து ஓடணும்போல இருக்கு. ஆனா இந்த வீட்டுலேர்ந்து ஒருநாள் போன் பண்ணினான். டிரம்ஸ் வாசிச்சேன்னு. அவ்வளவு சந்தோஷமா அவன் பேசி நான் கேட்டது அதான் கடைசி. வரும்போது போட்டுக் காட்டுறேன்னான். எனக்கு லீவு கிடைக்கலை. அதை மட்டும் ஒருதடவை கேட்டுட்டுப் போயிடுறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழே அழைத்துப் போனான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக. டேப்பைப் போட்டு, ஹெட்போனை அவளுக்கு மாட்டி, இன்னொன்றைத் தானும் மாட்டிக்கொண்டு, முதல் தடத்தை மட்டும் வைத்தான்.

டக், டக், டக், டக்.

பாட்டு தொடங்கும் முன் குச்சியோடு குச்சி தட்டிக் கணக்குக் கொடுப்பார்களே, அது. அன்றைக்கு நாடா ஓடும்போது ஓரின் ஓரிரு வினாடி தயங்கி அழுத்தியதால் அது மட்டும் அழியாமல் தப்பியிருந்தது. லோரெய்ன் முகம் மலர்ந்துவிட்டது. "அவனா?" என்றாள். "அவன்தான்" என்றான். அவள் டிரம்ஸ் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வந்தது பாட்டு. பஸ்ஸிலும் கடையிலும் துரத்துகிற அதே குரல். அவள் கண்ணைத் திறக்கவில்லை, ஹெட்போனைக் கழற்றவுமில்லை, முழுசாகக் கேட்டாள். டேப் முடிகிறவரை காத்திருந்தாள்.

"டிரம்ஸ் எப்ப வரும்?"

"வராதுங்க. அது மேலதான் பாட்டைப் பதிஞ்சேன். நான்தான் அழிச்சேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான்.

"நல்லா வாசிச்சிருந்தானா?"

"ஒரு இடத்துலகூடத் தப்பலைங்க."

"அதையேதான் அவனும் சொன்னான்" என்றாள். பிறகு ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். "அந்த நாலு தட்டு மட்டும் இன்னொரு தடவை போடுங்க. அவன் பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க."

ஓரின் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டான். நாலு தட்டு முடிந்ததும் நிறுத்தினான். "இன்னொரு தடவை" என்றாள் லோரெய்ன். மறுபடி பின்னால் ஓட்டினான்.